ஏசிக்குக் கட்டிய கிடுகு வீடு

என் சொந்தக் கையால் நான் கட்டி முடித்த வீடு ஒன்றே ஒன்றுதான். நான்கடி உயரம், மூன்றடி அகலம். கூரை உண்டு, கதவு இல்லை. அதில் குடியிருந்தது மகளின் அறைக்கு வாங்கிய ஏசியின் வெளிப்பெட்டி. அந்த வீட்டை நான் அவ்வளவு கெட்டித்தனமாகக் கட்டியதால், மகள் என் வீட்டை விட்டே போகப் பார்த்தாள்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்குக் கல்யாணம் முடிந்த அன்றே வீட்டின் முன்பாதியை அவளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு, நானும் மனைவியும் சமைக்கிற குசினிக்குப் பக்கத்திலிருந்த பின் அறைக்குக் குடிபோனோம். கூடவே ஓர் அலுமாரியும், ஓடும்போது கதைக்கிற ஒரு பழைய ஃபேனும் வந்தன.

புது மாப்பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் நடிக்க வேண்டும். குடித்த கோப்பையைக்கூட அவர் தூக்கக் கூடாது. எந்தக் குறையையும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவருக்கு மாமியான என் மனைவி அவரோடு நேரே கதைக்கக் கூச்சப்படுவாள். திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல, மகள் அவரிடம் சொல்வாள். மாமாவாகிய நான் அவர்களின் அறை வாசலைத் தாண்டக் கூடாது. ஏசியை வாங்கியவன் நான். அதன் குளிர் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குக் கேள்வி ஞானம்தான்.

மருமகன் கட்டாரில் சூப்பர்வைசர். மாப்பிள்ளை கேட்டுப் போனபோது அவர் தொழுவாரா, சிகரெட் குடிப்பாரா, கோபக்காரரா என்று அவருடைய ஊரான சாய்ந்தமருதில் நாலு பேரிடம் துருவி விசாரித்தேன். எதற்குச் சூப்பர்வைசர் என்று மட்டும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் என்ற சொல்லே கோட்டும் டையும் போட்டு வந்து நின்றது. அதற்கு மேல் என்ன கேட்பது?

ஏசி பூட்ட வந்தவர்கள் வெளிப்பெட்டியைப் பின்பக்கம், எங்கள் யன்னலுக்கு நேரெதிரே, நிலத்தில் ஒரு சிமெந்துக் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானத்திலிருந்து அஸர் தொழுகை வரை வெயில் நேரே விழுகிற இடம். கடலோ இரண்டு தெரு தள்ளி. கடற்கரை ஊரில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. என் சைக்கிள் செயினைத் தின்றது, யன்னல் கம்பியைத் தின்றது, வாசல் படலைக் கொண்டியைத் தின்றது. அதனால்தான் நாங்கள் எதையும் மூடியே வைப்போம். எங்கள் வீட்டு பிரிட்ஜுக்குச் சரிகை வைத்த சட்டை உண்டு. ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை. விருந்தாளிகள் உட்காரும் செட்டிக்கு, வாங்கிய நாளில் சுற்றியிருந்த பொலித்தீனையே எட்டு வருடமாகக் கழற்றவில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தில் வந்து பிறந்த ஏசி மட்டும் உடுப்பில்லாமல் நிற்பதா?

தென்னோலையில் பின்னிய கிடுகு வாங்கி, நாலு கம்பு நட்டு, நாலு பக்கமும் நெருக்கி நெருக்கிக் கட்டினேன். கூரை இரட்டைக் கிடுகு. வெயில் போகாது, உப்புப் போகாது, எலிகூடப் போகாது.

மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "என்ன, கோழிக்கூடா?"

"ஏசிக்கு."

"அதுக்கு மூச்சு முட்டாதா?"

"மெசினுக்கு ஏது புள்ள மூச்சு?" என்றேன். இதைச் சொன்னவன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதைத் தயவுசெய்து வெளியில் சொல்லாதீர்கள். வெப்பம் எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறவன்.

பிறகு வந்தது அந்த வெக்கை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நின்றுவிட்டது; கடற்காற்று இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஊர் முழுவதும் மூடி போட்ட சோற்றுப் பானைக்குள் இருந்தது. காலையில் காயப்போட்ட இடுப்புச் சாரன் மாலையிலும் ஈரமாகவே தொங்கியது. குளித்துத் துடைத்துக்கொண்டு வரும்போதே மறுபடி வேர்த்து நனைந்தோம்.

முதல் முறைப்பாடு முறைப்படி வந்தது. மகள் தாயிடம், தாய் என்னிடம்.

"ஏசி வெறும் காத்துத்தான் அடிக்குதாம். குளிரல்லையாம்."

"அவர் சொன்னாரா?"

"அவர் ஒண்டும் சொல்லல்ல. கடதாசி மட்டையால விசிறிக்கிட்டு, ‘நல்ல குளிர்தானே’ எண்டாராம்."

உடனே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கிடுகு வீட்டின் தலையில் நாலு வாளி ஊற்றினேன். இரண்டு சாக்கை நனைத்து அதன் மேல் போர்த்தினேன். வேலை முடிந்தபோது அது தலையில் ஈரத்துணி போட்ட காய்ச்சல்காரன் போலிருந்தது. நல்லெண்ணத்தில் எனக்குக் குறைவே இல்லை.

அடுத்த நாள் விசித்திரமான செய்தி. இரவில் அறை நன்றாகக் குளிர்ந்ததாம், பகலில்தான் குளிரவில்லையாம். அதே காலையில் நான் பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கிடுகு வீட்டின் முன்பக்கம் இரண்டு கிடுகு கோணலாக நிற்கிறது. கயிற்றின் முடிச்சு என் முடிச்சு இல்லை. சும்மா சுற்றிச் செருகியிருந்தது. இறுக்கிக் கட்டினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் ஒரு கிடுகு நிலத்தில் கிடந்தது. அன்று பக்கத்து வீட்டு வளவு ஆடு என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை. ஆடுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆடு முடிச்சுப் போடுமா என்று ஒரு விஞ்ஞான ஆசிரியர் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

வேலிக்கு மேலால் கூப்பிட்டேன். "மச்சான், உங்கட ஆடு எண்ட கிடுகத் திங்கிது."

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "காஞ்ச கிடுகத் திங்க அதுக்கு என்ன விசரா? இஞ்ச பிலாக் குழைய வெச்சாலே யோசிச்சி யோசிச்சித்தான் திங்கிது."

"நான் பொய்யா சொல்றன்?"

"நீங்க பொய் சொல்லல்ல. வெக்கை கூடிட்டு, வேற ஒண்டுமில்ல. போய்த் தலைக்கு நல்லாத் தண்ணி வாருங்க."

அன்றே கம்பி வாங்கி வந்து, கிடுகு வீட்டை மேலிருந்து கீழ் வரை முறுக்கிக் கட்டினேன். அன்று முதல் ஒரு கிடுகும் அசையவில்லை. அன்று முதல் இரவிலும் அறை குளிரவில்லை. இந்த இரண்டையும் நான் தனித்தனிச் செய்திகளாகவே எடுத்துக்கொண்டேன். ஆடு உள்ளே எதையோ முன்பே கடித்துவிட்டது என்பது என் முடிவு.

இரண்டு இரவு போனது. வியாழக்கிழமை மத்தியானம் மனைவி சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் கறி நன்றாக இருந்தும் இறங்காது.

"நாளைக்கு ஜும்மாவுக்குப் புறகு அவர்ர உம்மா வீட்டுக்குப் போகப் போறாங்களாம். வெக்கை குறையிற வரைக்கும்."

சாய்ந்தமருது தூரமில்லை. சைக்கிளில் போனாலும் போய்விடலாம். ஆனால் எங்கள் ஊரில் கல்யாணமான புதிதில் பெண் தன் வீட்டை விட்டுப் போய் மாமி வீட்டில் தங்கினால், ‘பெண் வீட்டில் என்ன குறையாம்?’ என்று கடைக்குக் கடை கேட்பார்கள். அதைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிடுவேன். என் மகள் பிறந்ததிலிருந்து அந்தக் கூரைக்கு வெளியே ஓர் இரவும் படுத்ததில்லை. வெக்கை குறையும் வரை என்று போகிறவர்கள், அங்கே நன்றாகக் குளிர்ந்தால் ஏன் திரும்பி வர வேண்டும்? மனைவி முந்தானையால் வேர்வையைத் துடைப்பது போல் கண்ணைத் துடைத்தாள். நானும் அன்று மறுசோறு கேட்கவில்லை; ஒரு முறைதான் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆட்டைக் கையோடு பிடிப்பது என்று முடிவு செய்தேன். பிடித்து, மருமகனிடம் காட்டி, ‘பாருங்க மகன், குறை நம்மட வீட்டுல இல்ல, இந்த ஆட்டுல’ என்று சொல்லிவிட்டால் போகாமல் இருப்பார் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை சுபஹை வீட்டிலேயே தொழுதுவிட்டு, ஒரு கம்போடு கிணற்றடிக்குப் பின்னால் குந்தினேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. நுளம்புகள் மாமாவென்றும் பாராமல் கடித்தன.

கிடுகு சரசரத்தது. பாய்ந்து போய்க் கம்பை ஓங்கினேன். ஆடு சாரன் கட்டியிருந்தது.

"மாமா! நான்தான் மாமா!"

ஒரு கையில் குறடு, மறு கையில் நான் முறுக்கிய கம்பியோடு மருமகன். ஓங்கிய கம்பால் முதுகைச் சொறிந்துகொண்டேன். "என்ன மகன், காலங்காத்தால?" கடைத்தெருவில் சந்தித்தவன் போலத்தான் கேட்டேன்.

"காத்துக்கு மாமா."

"நல்லாக் காத்து வருதா?"

"எனக்கில்ல மாமா. இதுக்கு." வெளிப்பெட்டியைக் காட்டினார். "இது அறைக்குள்ள இரிக்கிற வெக்கைய எடுத்து வெளிய துப்புது. துப்பின வெக்கை போக வழியில்லாம கிடுகுக்குள்ளயே சுத்துது. அதையே இது மறுகா இழுக்குது. மறுகா எப்படிக் குளிரும்?"

கரும்பலகையில் நான் கீறும் அம்புக்குறிகள் எல்லாம் வரிசையாக வந்து என்னைக் குத்தின.

"ராவையில கழட்டிட்டு, விடியச் சாமம் நீங்க எழும்ப முதல் கட்டி வெப்பன். உங்கட முடிச்சுத்தான் எனக்கு வருதில்ல. நீங்க கம்பி கட்டின புறகு ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. உம்மா வீட்ட போவமா எண்டு கேட்டன். முதல்ல ஓம் எண்டவ, ராத்திரி போகமாட்டன் எண்டு அழுதா. அதான் குறடத் தேடி எடுத்து, நீங்க தொழப் போயிரிக்கிற நேரம் கழட்ட வந்தன்."

"இதெல்லாம் எப்படி மகன் உங்களுக்குத் தெரியும்?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கட்டார்ல எனக்கு இதுதானே மாமா வேல. ஏசிக்குத்தான் சூப்பர்வைசர்."

கோட்டும் டையும் கழன்று விழுந்தன. "அப்ப முதல் நாளே சொல்லியிரிக்கலாமே!"

"எப்படிச் சொல்ற மாமா? அவ்வளவு ஆசையாக் கட்டியிரிக்கீங்க. புது மாப்பிள்ளை வந்து அது சரியில்ல, இது சரியில்ல எண்டு சொல்லலாமா? கறியில உப்புக் கூடினாக்கூட நான் சொல்றல்ல."

குசினி யன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணம் முடிந்து இத்தனை நாளில் மாமி மருமகனோடு நேரே கதைத்த முதல் வார்த்தை அதுதான்.

"எந்தக் கறியில?"

மருமகன் குறடைக் கீழே போட்டுவிட்டார். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு அவர். யன்னலும் சிரித்தது. இவ்வளவு நாளும் எல்லாரும் மரியாதையால் ஒருவரையொருவர் வேகவைத்துக்கொண்டிருந்தோம்.

வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேருமாகக் கிடுகு வீட்டைப் பிரித்தோம். மாப்பிள்ளை வேலை செய்யக் கூடாது என்ற சட்டத்தை அவர் முறித்தார். நான் சும்மா குறடு பிடித்தேன். ‘வெயிலுக்கு உயரத்துல ஒரு தகரம் போட்டாக் காணும், நாலு பக்கமும் திறந்திரிக்கணும், உப்புக்குக் கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால கழுவினாச் சரி’ என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோடு வேலியடிக்கு வந்தார்.

"ஆட்டப் புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சு மச்சான். உங்கடயில்ல, நம்மடதான்." கழற்றிய கிடுகையெல்லாம் மன்னிப்போடு ஆட்டுக் கொட்டிலுக்குக் கொடுத்தேன். ஆடு ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது திங்காது என்று அவர் சொன்னது உண்மைதான்.

ஜும்மா முடிந்து வந்தபோது, அவர்களின் பயணப் பை மறுபடி கட்டிலுக்குக் கீழே போய்விட்டதாக மனைவி சொன்னாள். மகள் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு குசினிக்கு வந்து, "வாப்பா, பல்லுக் கிட்டுது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தியம்மாவே இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து, ஏசியில் படுத்து, அஸர் வரை எழும்பவில்லை.

ஒரு சின்னச் சங்கதி மிச்சம். நான் கிடுகுக்குள் பூட்டி வைத்திருந்த வெக்கைக்கு இப்போது போக இடம் கிடைத்துவிட்டது. அந்த இடம் எங்கள் பின் அறை யன்னல். பெட்டி ஓடத் தொடங்கினால், வெதுப்பகத்தில் பாண் எடுக்க அடுப்புக் கதவு திறந்த மாதிரி நேரே முகத்தில் அடிக்கிறது. யன்னலை மூடிவிட்டு, கதைக்கிற ஃபேனுக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.

"உங்கட மெசினுக்கு இப்ப நல்லா மூச்சு வருதென்ன?" என்பாள் மனைவி.

"பேசாம இரி புள்ள" என்று காதைக் கொடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம், குளிர் தாங்காமல் மகள் தும்முவது கேட்கும்.