பிலோமினா அக்காவின் கறுப்புப் பூனை

பிரெஞ்சு படிப்பிப்பவருக்கு மாணவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறா. வெள்ளவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியில் வகுப்பு வைத்திருக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். எந்த மொழியையாவது படிப்பித்துத் தொண்டை வற்றிய உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மேசை ஏன் பெண்?

இது முதல் நாளே வரும். பிரெஞ்சு இலக்கணத்தில் மேசை பெண், சுவர் ஆண் என்றதும் விசாவுக்காகப் படிக்க வந்த பெடியன்கள் காரணம் கேட்பார்கள். காரணம் கிடையாது, பாடமாக்குங்கள் என்று எரிந்து விழுவேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வரும் பிலோமினா அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஐம்பது தாண்டியவர், தனி மனுசி. பிரான்சில் இருந்த அவருடைய ஒரே தம்பி போன வருடம் இறந்துவிட்டார். தம்பியின் மனைவி பிரெஞ்சுக்காரி. மகள் கிளாராவுக்குப் பத்து வயது, தமிழ் தெரியாது. ஞாயிறுதோறும் அக்காவும் பிள்ளையும் வீடியோவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்களாம்.

"மேசை ஆணோ பெண்ணோ, எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மிஸ். அந்தப் பிள்ளையோட கதைக்க வேணும்."

தூவா, வூவா?

தூ என்றால் நீ, வூ என்றால் நீங்கள். யாருக்கு எதைச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. மருமகள் கிளாராவுக்குத் தூ போதும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் கீழே இறங்காமல் நின்றார். மாடிப்படியில் கடைக்காரரின் பூனை படுத்திருந்தது. அதைத் துரத்திவிட்டு அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

"சின்ன வயசில இருந்தே பயம் மிஸ். இதைச் சொல்லியே தம்பி என்னைப் பகிடி பண்ணுவான்."

இல்லை என்று எப்படிச் சொல்வது?

அக்கா செபம் பாடமாக்குவது போலத்தான் பிரெஞ்சையும் பாடமாக்கினார். புத்தகத்தின் நான்காம் பாடத்தை ஒரே மூச்சில் ஒப்புவிப்பார். என் பெயர் இன்னது, என் வீடு சிறியது, என்னிடம் ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி, ஒரு ஞாயிறு அப்படியே கிளாராவிடமும் ஒப்புவித்துவிட்டார்.

பிள்ளை முதல் தடவையாக வாய் திறந்தது. பூனை என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று கேட்டதாம். அதன் பிறகு வாராவாரம் அக்காவுக்குப் பூனைப் பாடம்தான். மீன் தின்னும், கட்டிலுக்குக் கீழே தூங்கும் என்று நானும் சொல்லிக்கொடுத்தேன். பொய் வெளிப்பட்டால் பிள்ளை விலகிவிடுமே, அக்காவே உண்மையைச் சொல்லட்டும் என்று எதிர்மறைப் பாடத்தை முந்தி எடுத்தேன். "என்னிடம் பூனை இல்லை" என்று அக்கா அழகாகச் சொன்னார், வகுப்பில் மட்டும்.

"பூனை இல்லை எண்டு சொன்னா, பிறகு நாங்க எதைக் கதைக்கிறது மிஸ்?"

கேள்வி கேட்பது எப்படி?

பள்ளி விடுமுறைக்குக் கிளாராவும் தாயும் கொழும்புக்கு வந்தார்கள். மொழிபெயர்க்க வரச்சொல்லி அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். போனால், பக்கத்து வீட்டுக் கறுப்புப் பூனையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாசலில் நிற்கிறார். முகமெல்லாம் வியர்வை.

த்ரீவீலரிலிருந்து இறங்கிய கிளாரா ஓடிவந்தாள். பூனையை வாங்கி மெல்லக் கீழே விட்டாள். அது மதிலேறிப் போய்விட்டது. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். சொன்னதைத் தமிழில் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மாமிக்குப் பூனை எண்டா பயம் எண்டு அப்பா எப்பவோ சொன்னவர். ஆனா பூனையைப் பற்றிக் கேட்டாத்தான் மாமி என்னோட கனநேரம் கதைப்பா."

மேசை ஏன் பெண் என்ற கேள்விக்கு எனக்கு இன்றும் விடை தெரியாது, ஆனால் இல்லாத பூனையை வளர்க்கும் எந்த மாணவரையும் இனி நான் திருத்தப்போவதில்லை.