ஈர்க்கில் எடுத்த அளவு

மலைப்பாதையில் ஓடிப் பழகிய ஷூ தார் ரோட்டுக்கு ஆகாது. எனக்கு அதைச் சொன்னவனே என் நண்பன்தான். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் வேலை. எழுபதுகளின் கடைசியிலிருந்து ஆறேழு வருஷம், விடிந்ததும் இருவரும் செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையில் ஓடினோம். ஒருநாள்கூட நான் அவனை முந்தியதில்லை. மேலே போய் உட்கார்ந்துகொண்டு, "என்னலே, நடந்தா வருத?" என்பான். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் ஒரு மில்லில் தங்கள் விளையாட்டு அணிக்காக ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டை போய்த் திரும்ப வேண்டும், முதல் மூன்று பேருக்கு வேலை. எனக்குத் தாலுகா ஆபீசில் வேலை இருந்தது. சும்மா ஆசைக்குப் பெயர் கொடுத்தேன். அவனுக்கோ சாரல் நின்றால் பிழைப்பும் நின்றுவிடும். வீட்டில் கைக்குழந்தை வேறு.

எங்களிடம் இருந்தது அடியில் குமிழ் குமிழாக ரப்பர் வைத்த கித்தான் ஷூ. பாறையில் வழுக்காது. ஆனால் தாரில் ஓடினால் ஒவ்வொரு குமிழும் உள்ளங்காலில் குத்தும். ஆபீஸ் விட்டதும் புது ஷூ வாங்கப் போகிறேன் என்றேன்.

"சீசன் நேரத்துல நான் எங்கன வர? எனக்கும் ஒண்ணு பாத்துட்டு வாலே" என்று விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினான். அதைக் காலோடு சேர்த்து வைத்து, பெருவிரல் நுனியில் ஒடித்துக் கொடுத்தான். வீட்டில் இருப்பவர்களுக்குச் செருப்பு வாங்க எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் அளவு கொண்டுபோவார்கள். ஈர்க்கில் அவன் கை எண்ணெய் பிசுபிசுத்தது.

"ரோட்டுல ஓடுததுக்கு இது ஒரு ஜோடிதான் இருக்கு தம்பி. அடுத்தது வர மாசமாகும்" என்றார் கடைக்காரர். அடி கனமாக, மெத்தென்று இருந்தது. ஈர்க்கை உள்ளே விட்டுப் பார்த்தார். கச்சிதம். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் போட்டுப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு என்பது அன்றுதான் தெரிந்தது. கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன். கழற்ற மனம் வரவில்லை. ஒருநாளாவது அவனை முந்திவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். டப்பாவில் போட்டுத் தரச் சொன்னேன்.

"ஒன் அளவுக்கு இல்லலே. எனக்கு ஒரு நம்பர் சின்னது கெடச்சுது" என்றேன் மறுநாள்.

"போட்டும், ஒனக்காவது கெடச்சுதே" என்றான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஓட்டத்தன்று செங்கோட்டை வரை அவன்தான் முன்னால் போனான். திரும்பும்போது ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. நான் நிற்கவில்லை. தாண்டிப் போன அந்த நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஐந்தாவதாக வந்தேன். அந்த இடத்துக்கு ஒரு வேலையும் கிடையாது.

எல்லோரும் கலையும் நேரத்தில் அவன் வெறுங்காலோடு நொண்டி வந்து சேர்ந்தான். நான் சுளுக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "காலை நீட்டுலே" என்றான். எவ்வளவோ மறுத்தேன், கேட்கவில்லை. தானே என் ஷூக்களைக் கழற்றி, உள்ளே வைப்பதற்காக, காலையில் நான் அங்கே வைத்துவிட்டு ஓடிய டப்பாவைத் திறந்தான்.

தாளுக்கு அடியில் அந்த ஈர்க்கு கிடந்தது. கடைக்காரர் உள்ளேயே போட்டிருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை.

அதை எடுத்து ஷூவுக்குள் விட்டுப் பார்த்தான். குதிகாலிலிருந்து நுனிவரை சரியாக இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈர்க்கைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடிவிட்டு, என் வலது காலை மடியில் எடுத்துப் போட்டு நீவினான். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த காலைக் குடு" என்றான்.