சத்தம் இல்லாமல் பார்த்த படம்

மெஷின் ஆயில் ஊறிய அட்டைப்பெட்டி வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் ஈரச்சாக்கு, அதோடு ஏதோ தீய்ந்ததுபோல ஒன்று. பென்னலூரில் எங்கள் வீட்டுக்குள் கோடை விடுமுறை முழுக்க அந்த வாசனைதான். அப்பா இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். நைட் ஷிப்ட் வாரங்களில் விடிந்த பிறகு வந்து பகலெல்லாம் தூங்க வேண்டும் என்பதால், கம்பெனியில் வீணாகக் கிடந்த அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து எல்லா ஜன்னலிலும் ஆணியடித்து வைத்திருந்தார். வெளியே கண் கூசும் வெயில் அடிக்க, உள்ளே நாங்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்போம். தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயரே "பகல்ல ராத்திரி வூடு".

அம்மா வேறொரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்தார். காலையில் கிளம்பும்போது என்னையும் அண்ணனையும் வாசலுக்கு இழுத்து வந்து, தினமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "உங்கப்பா தூக்கம் கெட்டுச்சின்னா மெஷின்ல இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது. மூச்சு வுடுற சத்தங்கூட வரக் கூடாது." மற்ற வீட்டுப் பிள்ளைகளைச் சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டினார்கள். எங்களுக்கு மெஷின். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் அளவுக்கு நானும் அண்ணனும் தேறியிருந்தோம்.

அந்த இருட்டில் பொழுதைப் போக்க அண்ணன் கண்டுபிடித்த வழிதான் படம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சி.டி. கடை இருந்தது. அங்கே யாரும் சீண்டாத இங்கிலீஷ் "பேய்ப்படங்களை" அண்ணனுக்குச் சும்மாவே கொடுத்தனுப்புவார்கள். டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரைக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்துகொள்வோம். ஏமாற்றம் என்னவென்றால் அந்தப் படங்களில் பேயே வராது. ஒரு பெண் மாடிப்படி ஏறுவாள், கதவைப் பார்ப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், அழுவாள், அவ்வளவுதான். அண்ணன் என் காதில் கிசுகிசுவென்று தமிழில் வசனம் போடுவான். "யாருடி என் குடத்த எடுத்தது" என்று அவன் சொன்னால் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், வாயைப் பொத்திக்கொள்வேன். ஆனாலும் உள்ளுக்குள் உதறல் எடுத்தது உண்மை. இந்த மாதிரிப் படங்களில் பயமே இசையால்தான் வருகிறது என்று பிற்பாடு பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

உறையிலும் சி.டி.யிலும் பெயர் எதுவும் எழுதாத ஒரு படம் வந்தது. கடற்கரையில் தனி வீடு, அதில் ஒரு பெண். காலையில் அவள் எழுந்து பார்க்கும்போதெல்லாம் படிக்கட்டில் ஈரக் கால்தடங்கள் இருக்கும். யாரோ ராத்திரியில் உள்ளே வந்து போகிறார்கள் என்று அவள் தாழ்ப்பாளாகப் போட்டுத் தள்ளுவாள், தரையில் மாவைத் தூவி வைப்பாள், வேலைக்காரனைச் சந்தேகப்படுவாள், அவன் போன பிறகும் தடம் நிற்காது. கரண்ட் அடிக்கடி போனதால் அந்த வாரம் பூராவும் துண்டு துண்டாகவே பார்த்தோம். படம் முடியப்போகிறது என்று நினைத்த ஒரு மத்தியானம், தரையில் குனிந்து தேடிக்கொண்டிருந்த அவள் சட்டென்று நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். நான் வீல் என்று கத்திவிட்டேன்.

அண்ணன் டிவியை அணைத்தான். அப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டு உள்ளறைத் திரைச்சீலையை விலக்கி வந்து நின்றார். அடி விழும் என்று குறுகிப்போனேன். "இன்னா, கெட்ட கனவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல வேலைக்குப் போனார்.

மறுநாள் காலையில் அப்பா வரவில்லை. அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர், "கொஞ்சம் தண்ணி குடு பாப்பா" என்றார். குடித்து முடித்த பிறகுதான் அம்மாவைப் பார்த்து, "பயப்படாதீங்க அண்ணி, உயிருக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அம்மா அவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "நேத்து பகல்ல தூங்குனாரா, இல்லியா?" என்று கேட்டார். தூங்கினார் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அண்ணன் அந்த சி.டி.யை இரண்டாக உடைத்து ஏரிக்கரை முள்ளுக்குள் வீசினான். விசாரிக்க வந்த கம்பெனிக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் நடந்தது என்றார்கள், அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரைக் கேட் செக்யூரிட்டியாகப் போட்டார்கள். மிச்ச விரல்களால் அவர் சோற்றைப் பிசையும்போதெல்லாம் நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். பெண் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். ஒரு மத்தியான வகுப்பில் கிரேக்க சோக நாடகங்களைப் பற்றி மேடம் சொன்னார். வெட்டும் சாவும் மேடைக்கே வராதாம். எல்லாம் உள்ளே, வீட்டுக்குள் நடக்கும், ஒரு தூதன் வந்து வாசலில் நின்று சொல்வான். தெரியாமல் செய்ததற்கும் தண்டனை உண்டு. யாரால் இந்தக் கேடு வந்தது என்று தேடிப் புறப்படுகிறவன் தேடித் தேடிக் கடைசியில் தன்னிடமே வந்து நிற்பான். இன்றைக்கு மனதை உலுக்குகிற பயப்படங்களெல்லாம் அந்த வம்சம்தான் என்று அவர் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்ட அந்த மனிதரின் முகம்தான் என் கண்ணில் நின்றது, பாடத்தில் வேறு எதுவும் ஏறவில்லை.

இப்போது பென்னலூர் வீட்டு ஜன்னல்களில் அட்டை இல்லை, கண்ணாடி போட்டாயிற்று. சி.டி. கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் ஓசூரில் இருக்கிறான், டிவியில் பயமான காட்சி வந்தால் எழுந்து போய்விடுவான். பகலில் தூங்குகிறவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள், வாடகை அறைகளில் இருக்கும் வெளியூர்ப் பையன்கள். அவர்களுக்காகச் சத்தத்தை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள்தான் யாரும் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் அப்படி ஒரு பேய்ப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல பேய் எப்ப வரும்?"

"வராதுப்பா."

"அந்தப் படத்துலயும் வரல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் படம் என்று கேட்டேன்.

"அதான், படிக்கட்டுல ஈரக் காலு. அந்த வாரம் பூரா திரைச்சீல சந்து வழியா பாத்துகினுதான் இருந்தேன். தூக்கம் எங்க வந்துச்சி? அந்தம்மா திரும்பிப் பாத்தப்ப நீ கத்திட்ட, இல்லன்னா நானே கத்தியிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கத்தியதால்தான் உங்கள் விரல் போயிற்று என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணனும் அப்படித்தான் என்று சொன்னேன். அப்பா தன் கையைக் காட்டினார்.

"ரெண்டு கையால ரெண்டு பட்டன அமுக்குனாத்தான்மா அந்த மெஷினு எறங்கும். பீஸ் வேகமா வரணும்னு சூப்பர்வைசர் ஒரு பட்டன் எப்பவும் அமுங்கியே இருக்கற மாதிரி ஆப்பு வச்சிருந்தாரு. ஒரு கை உள்ள இருக்கும்போதே மெஷினு எறங்கிடும். லைன்ல எல்லாருக்கும் தெரியும். வெசாரிச்சப்ப சொல்லியிருக்கலாம். ஆனா தூங்காம சினிமா பாத்துட்டுப் போனவன் இன்னா வாயோட பட்டனப் பத்திப் பேசுறது? எந் தப்புதான்னு ஒத்துகினேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் யார் மேல் காட்டுவது? இத்தனை வருஷமும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து நாங்களே எங்களைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தோம். ஆப்பு வைத்தவன் நன்றாகத் தூங்கியிருப்பான்.

"அது போவட்டும்" என்றார் அப்பா. "அந்தப் படம் கடைசில இன்னாதான் ஆச்சி? யாரு கால்தடம் அது?"

நான் அந்த முடிவைப் பார்த்ததில்லை. ஆனால் படித்த படிப்புக்கு, அப்படிப்பட்ட கதை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கால்தடம் அவளுடையதாகத்தான் இருக்கும்.

"வெளியாளுப்பா" என்றேன். "அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

அப்பா பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார். "பாவம், அந்தம்மாவுக்கு இத யாராவது அப்பவே சொல்லியிருக்கலாம்."