ஒருநாள் வாங்கு

வார்னிஷ் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. போன கிழமை மகனுடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் புது மர வாங்குகள் வந்திறங்கின. எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்கும் காலம் இது என்று தலைமை ஆசிரியர் பேசினார்; கைதட்டினார்கள். அந்தப் பளபளப்பில் கை வைத்தேன். சுட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நான் படித்த இங்கிலீசுப் பள்ளிக்கூடத்திலும் வாங்குகள் இருந்தன. மேல்சாதிப் பிள்ளைகளான எங்களுக்கு. கள்ளிறக்குபவரின் மகனான என் வகுப்புத் தோழனுக்குச் சாணம் மெழுகிய நிலம். எல்லாரையும் வாங்கில் இருத்த வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அதனால் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வாங்குகளுக்கு வார்னிஷ் அடித்து, அவனையும் ஏற்றி இருத்துவார்கள். அவருடைய கார் பள்ளிக்கூட ஒழுங்கையைத் தாண்டித் தெருவில் ஏறியதும் மறுபடி நிலம். ஊருக்கே தெரிந்த கூத்து. ஒருவர் முகத்திலும் வெட்கமில்லை.

இங்கிலீசு மாஸ்டருக்கு ஒப்பிடுவதில் தீராத ஆசை. இவன் அவனைவிடக் கெதியாக ஓடுவான், அவன் இவனைவிடப் படிப்பில் மொக்கன் என்று எங்களை வைத்தே வாக்கியம் கட்டுவார். "சொன்ன வினையைத் திருப்பிச் சொல்லாதேங்கோடா. கடைசியிலை 'செய்' எண்டிற 'டூ' ஒண்டு போட்டால் காணும், வெள்ளைக்காரன் விளங்கிக்கொள்ளுவான்." நிலத்தில் இருந்தவனை மட்டும் அவர் எவரோடும் ஒப்பிட்டதில்லை.

ஒருமுறை வந்த இன்ஸ்பெக்டர் அப்படி ஒப்பிடும் வாக்கியம் ஒன்று கேட்டார். எங்களோடு வாங்கில் இருத்தியிருந்த அவன் எழுந்தான், வேட்டியில் வார்னிஷ் ஒட்டியிருந்தது. "தே சிற் ஹியர் மோர் தான் ஐ டூ" என்றான். என்னைவிட இவர்கள்தான் இங்கே, இந்த வாங்கில், அதிகம் உட்காருகிறார்கள். மாஸ்டரின் முகம் வெளிறியது. அதென்ன கதை என்று இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டரோ, கடைசிச் சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று மெச்சிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். இலக்கணம் மட்டும் நுழையக்கூடிய காது. நினைத்தால் இப்போதும் பல்லை நெருமுகிறேன்.

கார் போனது. "வாய் நீண்டிட்டுது உனக்கு. நாளைக்கு இஞ்சை வரப்படாது" என்று மாஸ்டர் அவனுடைய எழுத்துக் கொப்பியை முற்றத்து மணலில் எறிந்தார். இருந்த நிலமும் போயிற்று.

பள்ளிக்கூட வாசல் படலையடியில் அவனை மறித்தேன். "ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ? பேசாமல் இருந்திருக்கலாமே." அவன் கொப்பியின் மணலைத் தட்டினான். எங்களையெல்லாம் 'நீங்கள்' என்றே கூப்பிட்டுப் பழகியவன், முதல்முறையாக என்னை நேரே பார்த்தான்.

"உந்த வாங்கு நீ நினைக்கிற அளவுக்கு உசரமில்லை. நான் இருந்து பாத்திட்டன். வாறன்."