மழை குடிக்கும் சாலை

சிங்கப்பூரில் கேலாங் சந்துகளில் சாக்கடை மூடிகள், பூன் லேயில் புளோக்குக்குப் புளோக்கு நடைபாதை, துவாஸில் ஊழியர் விடுதியின் பந்து மைதானம். லிட்டில் இந்தியாவில் நீங்கள் இடறாமல் நடக்கும் பின்சந்துக் கற்களில் பாதி நான் பதித்தவை. மூன்றாம் வகுப்புப் படித்தவன் செய்தது இவ்வளவும். எங்கேயாவது என் பெயர் உண்டா? தேடிப் பாருங்கள்.

கடைசியாகப் போட்டது லிம் சூ காங்கில், காய்கறிப் பண்ணைகளுக்குப் போகும் குறுகிய சாலை. மழை வந்தால் அங்கே லாரி சக்கரம் முங்கும். கல்லூரியிலிருந்து வந்த பொறியாளர் பெண், பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, தண்ணீர் இறங்கும் கல் செய்யலாம் என்றார். கலவை அளவு அவருடையது. சிராங்கூன் சாலைக் கடைகளில் காலி பிளாஸ்டிக் அரிசிச் சாக்குகளைத் திரட்டியது நான். ஜல்லியை முதலில் சூடாக்கி, நறுக்கிய சாக்கை அதன்மேல் தூவி, முந்திரிக்கு நெய் பூசினாற்போல் பூசவைத்து, அச்சில் கல்லாக வார்த்தது என் கொட்டகையில்.

தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை நாள் காலையில் போய் நின்றேன். சாலை மழமழவென்று இருந்தது. இவ்வளவு அழகாக அது இருக்கக்கூடாது.

"மணல் போட்டியாடா?"

என் மேஸ்திரிக்குச் சிரிப்பு. "ஆமாண்ணே. கல்லு பதிச்சா மணலக் கூட்டித் தள்ளி இடுக்க அடைக்கிறதுதானே நம்ம வழக்கம். சூப்பரா இருக்குல்ல?"

"சூப்பரா இருக்கு லா. தண்ணி எந்த வழியா இறங்கும், உன் வாய் வழியாவா?"

அவன் முகம் செத்துப்போனது. இடுக்கில் பொடிக்கல் போடச் சொல்லியிருந்தேன். கை பழைய வேலையையே செய்துவிட்டது. ஜோகூர் பக்கம் வானம் கறுத்திருந்தது. மணல் நனைந்தால் இறுகிவிடும். இந்தச் சாலை தேறாவிட்டால் மற்ற பண்ணைச் சாலைகளுக்கு என் கல் போகாது. இலை ஊதும் மெஷினைப் பண்ணையில் இரவல் வாங்கி ஊதினோம். மேல்மணல் பறந்தது; உள்மணல் அசையவில்லை.

பொறியாளர் வந்து புல்லில் கிடந்த மணலைப் பார்த்தார்.

"அங்கிள், ஊதினா இன்னும் உள்ளதான் போகும். வேக்குவம் இருக்கா?"

கொட்டகைத் தூசி உறிஞ்சும் மெஷின் என் லாரியிலேயே இருந்தது. பதற்றத்தில் மறந்துவிட்டேன். உறிஞ்சினோம். அவரும் ஒரு குழாயைப் பிடித்தார். பண்ணை கேட்டை நெருங்கும்போது மழை கொட்டிவிட்டது.

தண்ணீர் முதலில் நின்றது. என்னமோ ஏதோ என்று மேஸ்திரி சாமியைக் கூப்பிட ஆரம்பித்தான். பிறகு மெல்ல, கற்கள் குடித்தன. ஓரத்தில் சாரைசாரையாகக் குமிழிகள். கேட் பக்கம் மட்டும் ஒரு குட்டை. அதை நான் மறைக்கவில்லை; அங்கே மணல் எடுக்க நேரமில்லை.

இப்போது சாலை முனையில், இதைச் செய்தவர்கள் பெயரோடு பலகை வைக்கப் போகிறார்களாம். எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கல்லூரி இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார், இருக்கட்டும், நியாயம். என் கொட்டகை இல்லை. பலகை வைப்பவர்களே, சாக்கு திரட்டியவன், கல் வார்த்தவன், மழைக்கு முன் மணலை உறிஞ்சியவன் யாரென்று அதில் எழுதுங்கள். பலகையில் இடம் போதாது என்கிறீர்களா? பெரிய பலகையாக நானே செய்து கொண்டுவருகிறேன்.