பலவேசத்தின் ராஜினாமா

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பலர் இருந்தாலும், மேலகரத்துப் பலவேசத்திடம் தேய்க்கத்தான் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். கை அப்படி. அதோடு அவரிடம் இன்னொரு தொழில் சுத்தமும் உண்டு. பாறையில் குப்புறப் படுத்தவன் எதைப் புலம்பினாலும், "நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி" என்பார். சொல்லி முடித்ததும் முதுகில் பட்டென்று ஒரு தட்டு. மருமகனைத் திட்டினாலும் சரிதான், மாமனாரைத் திட்டினாலும் சரிதான். படுத்தவனுக்கு உடம்புவலியோடு மனக்குறையும் போய்விடும்.

சாரல் சீசன் நன்றாக இருந்தால் அவர் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். மனைவி உலகம்மையும் மூன்று பெண்பிள்ளைகளும் அந்தக் கையை நம்பித்தான் இருந்தார்கள்.

1964 சீசனில் அந்தக் கைக்கு வினை வந்தது. அப்போது ராஜ்யத்தை ஆண்ட கட்சியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நான் வேறு சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டாம். நானும் அதில் நாலணா மெம்பர்தான். தென்காசியில் கட்சி ஆபீசுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவன் மெம்பராகாமல் தப்ப முடியுமா? தாலுகாக் கமிட்டித் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் தென்காசி அரிசி மில் வல்லிநாயகம் பிள்ளை. மற்றவர் கடையத்துப் பண்ணையார் நம்பிராஜன். இவர்கள் எதிர்க்கட்சியைத் திட்டி நான் கேட்டதில்லை. அதற்கெல்லாம் நேரம் இருந்தால்தானே?

இருவருக்கும் முதுகுவலி. இருவருக்கும் எண்ணெய் தேய்ப்பவர் பலவேசம். பிள்ளை காலையில் வந்து படுப்பார்.

"ஏலே பலவேசம், அந்தக் கடையத்துக்காரனுக்குத் தலைவர் பதவி ஒரு கேடாலே?"

"நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி." பட்.

சாயங்காலம் பண்ணையார் வந்து படுப்பார்.

"அரிசில கல்லு கலக்குதவன் கட்சிய நடத்துவேங்கான். நாடு உருப்படுமாலே?"

"நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி." பட்.

இருவரும் அவரைத் தங்கள் ஆள் என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு நாலணா கட்டி மெம்பராகவும் சேர்த்துவிட்டார்கள். இப்படியாகப் பலவேசம் ஒரே கட்சியில் இரண்டு தடவை சேர்ந்தார்.

சண்டையைத் தீர்க்க மேலிடத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்தார். ஓட்டெடுப்பு நடந்தால் மண்டை உடையும் என்று போலீசார் சொல்லிவிட்டதால், "ரெண்டு பேருக்கும் சம்மதமான மூணாவது ஆளைச் சொல்லுங்க" என்றார். தன் ஆளைப் பொதுவான ஆள் மாதிரி உள்ளே தள்ளிவிடலாம் என்று பிள்ளைக்கு ஒரு கணக்கு. எழுந்து, "ஏழைத் தொழிலாளி பலவேசம்" என்றார். பண்ணையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் ஆளை எதிராளியே முன்மொழிகிறானே! "வழிமொழிகிறேன்" என்று கத்தினார்.

ஆளனுப்பி, எண்ணெய்க் கையோடு பலவேசத்தைக் கூட்டிவந்தார்கள். "தலைவரா இருக்கீரா?" என்று பார்வையாளர் கேட்டார். பழக்க தோஷம், என்ன செய்வது? "நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி" என்றார். மாலை விழுந்துவிட்டது.

மறுநாள் அவர் பாறைக்குப் போனபோது, படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார்கள். "தலைவரப் போயி முதுகு தேய்க்கச் சொல்லலாமா? பாவம்லா!" என்று நகர்ந்து, பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த சுடலையாண்டியிடம் போய்ப் படுத்தார்கள். அதன்பிறகு அவரிடம் முதுகைக் காட்ட ஆளில்லை. மனுவை நீட்டத்தான் ஆள் வந்தது. மனுவுக்குக் காசு வாங்குகிற சாமர்த்தியம் அவரிடம் கிடையாது. இருந்திருந்தால் இன்றைக்குப் பெரிய ஆளாகியிருப்பார்.

ஒரு வருஷத்துக்குள் உலகம்மைக்குப் பொறுமை போய்விட்டது. "வாசல்ல கட்சி ஜீப்பு நிக்கி, உலைல போட அரிசி இல்ல. தலைவர் பொண்டாட்டிங்கதால ஒருத்தியும் என்னைய நாத்து நடக் கூப்பிட மாட்டேங்கா. போதும், எறங்கிருங்க" என்றாள்.

அன்றைக்கு என் கடையில் வந்து உட்கார்ந்து, "எனக்கு நாற்காலி வேண்டாம் அண்ணாச்சி, எந் தொழிலு போதும்" என்று சின்னப் பிள்ளை போல அழுதார். ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஆனால் கமிட்டி ஏற்றுக்கொண்டால்தான் ராஜினாமா செல்லும்.

கமிட்டி கூடியது. "ஏற்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் அதே பார்வையாளர். பிள்ளை பண்ணையாரைப் பார்த்தார். பண்ணையார் பிள்ளையைப் பார்த்தார். பலவேசம் இறங்கினால் அந்த இடத்தில் மற்றவன் ஏறிவிடுவானே என்ற பயம் இரண்டு பேர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. இருவர் ஆட்களும் கையை மடியைவிட்டு எடுக்கவில்லை. கூடத்தில் தூக்கிய கை ஒன்றுதான். அது பலவேசத்துடையது. அவர் விம்மி விம்மி அழ, தலைவர் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார் என்று மறுபடியும் மாலை போட்டார்கள்.

அப்புறம் எப்படிப் பிழைத்தார் என்றால், மலையாளத்துக்காரர்கள் புண்ணியத்தில்தான். செங்கோட்டை தாண்டி வருகிறவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது. ஐந்தருவிப் பக்கம் கதர்ச் சட்டையைக் கழற்றிப் புதரில் ஒளித்துவைத்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் தேய்த்துவிடுவார். திருட்டுத்தனமாக உழைத்த கட்சித் தலைவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1967 தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. ரேடியோச் செய்தி கேட்டு ஆபீசில் பெரிய மனிதர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பலவேசம் ஆபீஸ் சாவியைப் பிள்ளையிடம் நீட்டினார். "எனக்கெதுக்குலே" என்று பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பண்ணையாரிடம் நீட்டினார். அவர் அவசர வேலையாகக் கடையத்துக்குக் கிளம்பிவிட்டார். சாவியை நாற்காலி மேலேயே போட்டுவிட்டுப் பலவேசம் என் கடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, காலைலருந்து ஒருத்தன்கூட என்னையக் கும்பிடல!"

ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்தால் பல்லெல்லாம் தெரிகிறது. கேட்காமலே ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்து, குற்றாலம் ரோட்டைப் பார்த்துத் திருப்பினார்.

"இந்த வெயில்ல அருவில சொட்டுத் தண்ணி இருக்காதுய்யா!" என்று கத்தினேன்.

"முதுகு இருக்கும்லா அண்ணாச்சி!" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார்.