பின்சுவரில் ஒரு கதவு

வனஜா மேடம் இறந்த செய்தி வந்த காலையில், முடிச்சூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. முந்தின நாள் பள்ளியிலேயே மயங்கி விழுந்தவர், தாம்பரம் மருத்துவமனையில் கண்மூடிவிட்டார். இயற்பியல் ஆசிரியை, எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில், படுத்த படுக்கையாக இருக்கும் தாயாருடன் வாழ்ந்தவர். மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார். முன்வாசலுக்கு வண்டி வர முடியாது. வேறு வாசல் எங்களுக்கு இல்லை.

அதைத்தான் வனஜா மேடம் சொல்லிவந்தார். முன்பொரு மழையில் தாயாருக்குக் காய்ச்சல் கண்டபோது, தண்ணீர் வடியும்வரை வீட்டுக்குள்ளேயே தவித்தார். பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டந்தோறும் பின்சுவரில் கதவு கேட்டார். "பாக்கலாம் மேடம்" என்பார் செயலாளர். வெயில் வந்ததும் எல்லோரும் மறந்துவிடுவோம்.

ஒருநாள், தண்ணீர் லாரி வரும் நேரத்தை எழுதும் வெள்ளைப் பலகையில் சுவரை வரைந்தார். மின்கேபிள், குழாய், இடிக்கத் தக்க இடம் எல்லாவற்றையும் குறித்தார். அவசரத்தில் கைக்கு வந்தது, அட்டைப்பெட்டிகளில் எழுதும் மார்க்கர். எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

"என்ன மேடம், போர்டையே காலி பண்ணிட்டீங்க! லாரி டைம் எங்க எழுதறது?" என்றார் செயலாளர்.

"ஓரமா எழுதுங்க சார். வாயால சொன்னா தலையாட்டிட்டுப் போயிடறீங்க. இது இங்கயே நிக்கும்."

எனக்கு நம்பிக்கையில்லை. "எழுதி என்ன ஆகப்போகுது மேடம்?" என்றேன்.

"எழுதாம மட்டும் என்ன ஆச்சு, டாக்டரம்மா?" என் முனைவர் பட்டத்தை அவர் கேலியாகத்தான் சொல்வார். "நாளைக்கு நான் இல்லன்னா, கேபிள் எங்க போகுதுன்னு யாரைக் கேப்பீங்க?"

அவர் இறந்த செய்தி வந்த அன்று காலை, பின்சுவரை இடிக்கக் கடப்பாரையோடு வந்தவர் தயங்கினார். "எங்க சார் இடிக்கறது? உள்ள கரண்டு கீதோ இன்னாவோ!"

செயலாளர் பலகையைக் கழற்றிவந்து சுவரில் சாய்த்தார். "மேடம் போட்டிருக்காங்க பாரு. அந்த இடத்துலயே இடி."

கேபிளுக்கோ குழாய்க்கோ சேதமில்லை. மேடான பின்தெருவிலிருந்து அந்தத் திறப்பின் வழியே வனஜா மேடம் வீட்டுக்கு வந்தார். தாயார் வெகுநேரம் அவர் கையை விடவில்லை. மாலையில் அதே வழியாக அவரைக் கொண்டுசென்றார்கள்.

மறுபடி மழை தொடங்கியிருக்கிறது. பலகை பழைய இடத்தில் மாட்டியாயிற்று. லாரி நேரம் ஓரத்தில் இருக்கிறது. திறப்பை அடைக்கும்படி யாரும் இதுவரை சொல்லவில்லை. போய்வாருங்கள், மேடம்.